எண்பத்தேழாம் பக்கம்

ஜூன் 22, 2025, ஞாயிறு

தங்கா பத்து வாழ் பொதுமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டில் நெடுநாள் உழைத்து, வேளை தவறாமல் அனைவருக்கும் சோறு போட்டு வந்த ரைஸ் குக்கர் அவர்கள், இன்று காலை நெய்ச்சோறு பாதி வெந்த நிலையில், ‘டிக்’ என்ற ஒரே சொல்லுடன் இயற்கை எய்தினார். அன்னாரின் நல்லுடல் குப்பை லாரி வரும்வரை பின்வாசலில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். மலர்வளையம் தவிர்க்கவும். புது குக்கர் வரவேற்கப்படும். இங்ஙனம், துயரத்திலும் பசியிலும் வாடும் தினேஸ்வரன் த/பெ தனபாலன், நான்காம் படிவ மாணவன்.

அடுத்து ஒரு சில்லறைச் செய்தி. நளினி அக்கா எழுதிய நாவல் தங்கவேலனார் விருதின் இறுதிப் பட்டியலில் வந்திருக்கிறது.

சும்மா சொன்னேன். இதுதான் பெரிய செய்தி. நேரே எழுத வரவில்லை, அதனால்தான் குக்கரை முன்னால் அனுப்பினேன்.

கோலாலம்பூரில் இருக்கும் ஓர் அறவாரியம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் விருது. நம் நாட்டில் தமிழில் நாவல் எழுதுகிற எல்லாரும் கண் மூடுவதற்குள் ஒருதடவை வாங்கிவிட வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். சிலர் வாங்காமலே மூடியும் விட்டார்கள். அச்சில் வராத நாவலைத்தான் அனுப்ப வேண்டும். சொந்தப் பெயர் எங்கும் தெரியக் கூடாது, புனைபெயர்தான். ஜெயித்தால் அவர்களே அச்சடித்து, ஜெயித்தவர் ஊருக்கே வந்து விழா எடுப்பார்கள். இதுவரை ஜெயித்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள். அக்கா புக்கிட் பெருவாங் கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிறவள். அவளுக்கு ஓய்வே கிடையாது.

இதில் என் பங்கும் வரலாற்றில் பதிவாக வேண்டும். நடுவர்களுக்கான பிரதிகளை மழையில் ரெயின்கோட்டுக்குள் சுருட்டி வைத்துத் தபால் நிலையம் கொண்டு போனவன் நான். புனைபெயர் கிடைக்காமல் அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது ‘உப்புக்காற்று’ என்று எடுத்துக் கொடுத்தவனும் நான். அதற்கு முன்னால் நான் சொன்ன ‘நெத்திலிநேசி’யை அவள் மதிக்கவில்லை.

நாவலை மட்டும் படிக்க விடவில்லை. “அச்சானதும் படி லா, எங்க ஓடிப் போவப் போவுது?” தலைப்பு ‘பதினோராம் நடைமேடை’. ரயிலே வராத ஊரில் நடைமேடை எதுக்குக்கா என்றேன். சிரித்து மழுப்பிவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

புது குக்கர் வந்தது. பேச மாட்டேன் என்கிறது. பழையவர் போல் வராது.

ஜூலை 5, சனி

ஜெயித்துவிட்டாள்!!!

மதியம் தங்கராஜு ஐயா போன் செய்தார். அறவாரியத்தின் மலாக்கா கிளைத் தலைவர். ‘வாட்சப்’ என்று யாராவது சொன்னால் ‘புலனம்’ என்று திருத்திவிட்டுத்தான் மூச்சு விடுவார். “அம்மா நளினி, மலாக்கா மாநிலத்துக்கு இவ்விருது இதுவே முதன்முறை” என்று அவர் தொடங்க, அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதி வாழ்த்து முழுவதையும் நான்தான் ‘நன்றி ஐயா, நன்றி ஐயா’ என்று வாங்கி வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் அவள் படம் போட்ட போஸ்டர் எல்லாக் குழுவிலும் சுற்றியது. ஒரே போஸ்டர் எனக்கு ஏழெட்டு இடத்திலிருந்து வந்தது. ஒருவர் தவறிப்போய்க் கண்ணீர் அஞ்சலி முகக்குறி போட்டுவிட்டு, பிறகு அழித்தார்.

அப்பா தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் ஏர்கோன் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வந்து சேதியைக் கேட்டார். “ம்” என்றார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு முழு கேக் வாங்கி வந்தார். அதன்மேல் ‘ஹேப்பி பர்த்டே’ என்று இருந்தது. “வேற எழுத நேரம் இல்லையாம்” என்றார். மூவரும் பிறந்தநாள் பாட்டையே பாடிவிட்டோம்.

விமலனிடம் சொல்லிவிட்டேன்: பாதி விருது எனக்கு. என் நண்பன் என்ற முறையில் அவனுக்குக் கால் பாதி. “எனக்கு எதுக்குடா, நான் தமிழ் பாடத்துல ஃபெயிலு” என்றான்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா விழாவுக்கு வருகிறார். லீவு எழுதிக் கொடுத்தாயிற்றாம்.

அம்மாவுக்கு வேலை சிங்கப்பூரில், வாடகை அறை எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரில். ஆறு மாதம் என்று சொல்லிப் போனவர். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவரும் அப்பாவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ‘அப்பாகிட்ட சொல்லு’, ‘அம்மாகிட்ட கேளு’ என்று எங்கள் வழியாகத்தான். ஞாயிறு சாயங்காலம் வீடியோ கால். அதில் என் வேலை சிரிக்க வைப்பது. இந்த வாரம் குக்கரின் மரண அறிவித்தலை வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வைக்கும்போது வழக்கம்போலச் சொன்னார்: “தினேசு மட்டுந்தான் எனக்கு கவலையே வைக்காத புள்ள.”

அதுதான் எனக்குக் கிடைத்த விருது. வருடா வருடம் நானே ஜெயிக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. விழா இங்கேதான் என்பதால் அத்தனை பெட்டிகளையும் எங்கள் வரவேற்பறையிலேயே இறக்கிவிட்டார்கள். அக்கா இன்னும் கிளினிக்கில். நான்தான் முதல் பெட்டியைப் பிரித்தேன். புது வாசம். அட்டையில் அவள் பெயர். வாசலுக்குத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடக் காட்டினேன்.

முன்பக்கத்தில் நடுவர் உரை. ‘குறிப்பாக எண்பத்தேழாம் பக்கத்தின் பேருந்து நிலையக் காட்சி, இந்நாவலை மற்ற படைப்புகளிலிருந்து உயர்த்தி நிறுத்துகிறது.’

புரட்டினேன்.

பாபு என்று ஒரு பையன். தீபாவளிக்கு முதல் நாள். ஜொகூரிலிருந்து வரும் அம்மாவை அழைக்க யாருக்கும் சொல்லாமல் பஸ் நிலையம் போகிறான். ஹோட்டல் டிரைவர்கள் விமான நிலையத்தில் பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதுபோல ஓர் அட்டை. ‘டத்தோ சரஸ்வதி அவர்களே, வருக வருக.’ அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி வரவேற்றால் அம்மா இறங்கியதும் சிரிப்பார் என்று. ஒரு பஸ் வருகிறது. அடுத்தது வருகிறது. எல்லாரும் அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டத்தோ வரவில்லை. அவர் வரமாட்டார் என்ற செய்தி எப்போதோ அக்காவின் போனுக்கு வந்துவிட்டது; வேலை நேரம் என்பதால் போன் கிளினிக் அலமாரிக்குள் கிடக்கிறது. கடைசியில் பாபு அட்டையை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பதினோராம் நடைமேடைத் தூணுக்குப் பின்னால் நின்று அழுகிறான்.

அது சரஸ்வதி இல்லை, என் அம்மா கோமளா. ‘டத்தோ கோமளா அவர்களே, வருக வருக.’ சிவப்பு மார்க்கரில் எழுதியவன் நான்.

போன தீபாவளி. ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

சத்தியம் வாங்கினேனே. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாளே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா தம்பின்னு சொன்னாளே. யார்கிட்டயும் சொல்லல — ஊருக்கே அச்சடிச்சுட்டா.

அந்தப் பிரதிகளை மழையில் நனையாமல் கொண்டு போனவன் நான். என் கழுத்துக்குக் கயிறு, அதை நானே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு பொய் வேறு. பாபு அழுகிறானாம். நான் அழவில்லை. மலாக்கா செண்ட்ரலில் நிற்கிற பஸ்கள் எல்லாம் எஞ்சினை நிறுத்தாமல் புகை விடும். கண்ணில் புகை. அவ்வளவுதான். இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவள் மடித்த துணிமேல் போட்டேன்.

“இது என்னா?”

பக்கத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“உன் பேரயா போட்டேன்? பாபுன்னு போட்டிருக்கேன்.”

“பாபு பேசுற ஜோக்கு பூரா என்னுது. கெட்ட வார்த்தை மட்டுந்தான் உன்னுது.”

“தினேசு, நாவல்னா எங்கேர்ந்தாச்சும் எடுத்துத்தான்டா ஆவணும். நம்ம வீட்ட விட்டா எனக்கு வேற என்னா தெரியும்?”

“என்கிட்ட கேட்டியா?”

புத்தகத்தைத் துணிமேலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

“கேட்டியாக்கா?”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப.”

“அதுனாலதான் கேக்கலியா?”

ஒரு சட்டையை எடுத்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். “ஆமா” என்றாள்.

அவள் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னதற்குத்தானே விருது கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா படிச்சா என்னா ஆவும்னு கேட்டேன். “அம்மாவுக்கு தெரியட்டுமேடா” என்றாள். “எதுக்கு? ஞாயித்துக்கெழம அவுங்க சிரிக்கிறது ஒனக்குப் பொறுக்கலியா?” என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். கால் போன போக்கில் போய்க் கடற்கரையில் உட்கார்ந்தேன். கல் எறிந்தேன். ஒரு கல்லும் தத்தவில்லை.

இன்று அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அப்பா அக்காவிடம் சொல்ல, அக்கா அம்மாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் வயிற்றுவலிகூட மூன்று பேர் மாறித்தான் போய்ச் சேரும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பள்ளியில் வாழ்த்து. சபை கூடலில் தலைமையாசிரியர் அக்கா பெயரைச் சொல்லி, “அவருடைய தம்பி நம் மாணவர்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று டத்தோ மாதிரி கை அசைத்தேன். சிரித்தார்கள். உட்கார்ந்ததும் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நம் நாட்டுக்குச் சுதந்திர தினம். எனக்கு மட்டும் இல்லை.

தங்கராஜு ஐயா நிகழ்ச்சி நிரலோடு வீட்டுக்கு வந்தார். விருதின் மரபு ஒன்று இருக்கிறதாம். தலைமை நடுவர் மேடையில் நின்று, தாங்கள் மிகவும் மெச்சிய பக்கத்தை வாய்விட்டு வாசிப்பார். வந்தவர்கள் தங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே வாசிக்க வேண்டும். தேவாரம் பாடுவது போல.

“எந்தப் பக்கம் ஐயா?” என்று கேட்டேன், தெரிந்தே.

“எண்பத்தேழு! மண்டபமே கண்ணீர்க் கடலாகும் பாரும்!”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேற பக்கம் வாசிக்கச் சொல்லலாமே ஐயா என்று மெதுவாகக் கேட்டாள். நடுவர் முடிவே இறுதியானது என்று சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு.

செப்டம்பர் 6, சனி

அக்கா கிளினிக்கில். அப்பா ஹோட்டலில். விமலனை வரச் சொன்னேன். வரும்போது ஒட்டுகிற கம் வாங்கி வா என்றேன்.

“எத்தனடா?”

“கடையில இருக்குற அத்தனையும்.”

திட்டம் எளிமையானது. எண்பத்தாறையும் எண்பத்தேழையும் ஓரம் முழுக்கக் கம் தடவி ஒட்டிவிடுவது. புரட்டினால் எண்பத்தைந்துக்குப் பிறகு நேரே எண்பத்தெட்டு. கதையில் ஒட்டாத காட்சி என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு ஒட்டு.

விமலன் முதல் பெட்டி முழுக்க ஒரு கேள்வியும் கேட்காமல் ஒட்டினான். இரண்டாவது பெட்டியில் கை நின்றது. படிக்கிறான்.

“டே. படிக்காத லா. ஒட்டு.”

“இது நீதானே?”

“கற்பனைடா. முன்னாடியே போட்டிருக்கு பாரு, எல்லாம் கற்பனைன்னு.”

அவன் கம் பாட்டிலை மூடி வைத்தான். பிறகு, “அன்னிக்கு நீ எங்க வீட்டுல கேம் வெளாண்டியான்னு உங்கப்பா என்கிட்ட கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். நீ வரவே இல்ல” என்றான்.

“ஒட்டுறியா, போறியா?”

ஒட்டினான். போகும்போது விரலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மோட்டார் ஹாரனை முழங்கையால் அடித்துக்கொண்டே போனான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

உலக இலக்கிய வரலாற்றில் இதுவே முதன்முறை. விருது பெற்ற ஒரு நாவலின் மொத்தப் பதிப்பையும் ஒரே மதியத்தில் தணிக்கை செய்தவன் நான். ஒன்று விடவில்லை. ஒன்றே ஒன்றுகூட விடவில்லை! பெட்டிகளை அப்படியே பழையபடி மூடி டேப் போட்டேன். மேதை என்று யாரையெல்லாமோ சொல்கிறார்கள்.

அம்மாவிடம் இன்று ஜோக் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

அம்மா வந்துவிட்டார். அப்பாதான் போய் அழைத்து வந்தார். காலையிலேயே பசாருக்குப் போய் அம்மாவுக்குப் பிடித்த வாவல் மீனை வாங்கி, யாரிடமும் சொல்லாமல் பிரிட்ஜில் வைத்திருந்தார். அம்மா பிரிட்ஜைத் திறந்தார். பார்த்தார். மூடினார். பிறகு மறுபடி திறந்து மீனை வெளியே எடுத்தார்.

அக்கா என்னோடு பேசப் பார்க்கிறாள். “தம்பி, நடுவர்கிட்ட நான் திரும்ப போன் பண்ணி கேட்டேன்டா. ஒத்துக்க மாட்டேங்குறாங்க.” நான் மீன் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மண்டபம் நிறைந்திருந்தது. புத்தக மேசை என் பொறுப்பு. (நானே கேட்டு வாங்கினேன். குற்றவாளி குற்றம் நடந்த இடத்துக்குத் திரும்ப வருவான்.) வந்தவர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்தேன். அம்மாவுக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, மாலை, பொன்னாடை. பொன்னும் கிடையாது, ஆடையும் கிடையாது, அக்கா கழுத்தில் ஏறிக்கொண்டே போனது. கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர்தான் தலைமை நடுவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அன்பர்களே, எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள்.”

அவர் புரட்டினார். திரும்பப் புரட்டினார். விரலால் சுரண்டினார்.

“இது... ஒட்டிக்கிட்டிருக்கே?”

“என்னுதும் ஒட்டியிருக்குங்க டீச்சர்!” — முன் வரிசையிலிருந்து.

“எங்க காட்டு. ஆமா லா, என்னுதுலயும்.”

“எல்லாத்துலயும் அதே பக்கமா? என்னா அதிசயம்!”

நான் நினைத்தது: ஒட்டியிருந்தால் விட்டுவிடுவார்கள். எவ்வளவு பெரிய முட்டாள் நான். புத்தகம் வாங்கி ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்கள் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தே தீருவது என்று இறங்கிவிட்டார்கள். ஒருவர் வீட்டுச் சாவியை எடுத்தார். ஓர் அத்தை கொண்டை ஊசியை எடுத்தார். எனக்குப் பின்னால் இருந்தவர் ஐசி அடையாள அட்டையை நடுவே செருகி, லிஃப்ட் கதவு மாதிரி மெதுவாகப் பிரித்தார். அப்பா சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்ட் பென் திருப்புளியை எடுத்து, ஏர்கோன் மூடியைக் கழற்றுவது போலப் பொறுமையாகத் திறந்தார். மண்டபம் முழுக்க டர்ர், டர்ர் என்று சத்தம். பிறகு சத்தமே இல்லை. அத்தனை பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தங்கராஜு ஐயா மைக்கைப் பிடித்தார். “அவையோரே! பதற்றம் வேண்டா! இது அச்சகப் பிழை அன்று. இஃது ஓர் உத்தி! தாயைப் பிரிந்த சிறுவனின் மனம் ஒட்டிக் கிடக்கிறது. அதை நாம் வலிந்து திறந்தால் அன்றி அவன் வலியை அறிய இயலாது என்பதை நூலாசிரியர் நம் கைகளாலேயே உணர்த்திவிட்டார்! உலகில் எந்தப் புதினத்திலும் காணாத புதுமை!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். எங்கள் இருபத்தைந்து விரல் நக அழுக்குக்கு இலக்கியப் பெயர் கிடைத்துவிட்டது. (விமலனுடையதையும் சேர்த்து இருபதுதான். பதற்றத்தில் எண்ணிக்கை தவறுகிறது.)

அக்கா மேடையிலிருந்து என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாட்டினேன் என்று நினைத்தேன். அவள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

“ஐயா சொல்ற மாதிரி பெரிய உத்தியெல்லாம் இல்லைங்க. இந்தப் பக்கம் என்னுது இல்ல. இதுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தவங்க இருக்காங்க. நான் கேக்காம எடுத்துட்டேன். மூடி வைக்க அவங்களுக்கு உரிமை இருக்கு.”

அதற்கும் கை தட்டினார்கள். அடக்கமாம். பக்கத்தில் இருந்தவர், “எழுத்தாளருங்க இப்படித்தான் புரியாம பேசுவாங்க” என்றார்.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அத்தனை பேர் சாவியும் ஊசியும் தேடியபோது அம்மா எதையும் தேடவில்லை. அவருடைய பிரதி எப்படியோ ஒட்டாமல் இருந்திருக்கிறது. கம் காய்ந்துபோன நேரத்தில் கைக்கு வந்ததாக இருக்கும். எந்தத் தொழிற்சாலையிலும் ஒன்றிரண்டு தவறும். முதலிலேயே படித்து முடித்துவிட்டார். புத்தகத்தை மூடவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

வீட்டுக்கு வரும்போது காரில் அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

“தினேசு, எத்தன பஸ்ஸுப்பா பாத்த?”

“அய்ய, அது கற்பனமா. அக்கா அவார்டுக்காக அடிச்சு விட்டது. நான் விமலன் வீட்டுல கேம் வெளாண்டுக்கிட்டு இருந்தேன். வேணும்னா அவன கேளுங்க.”

“ம்” என்றார். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. முதன்முறையாக ஒரு ஜோக் எனக்குப் படுத்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மாவை பஸ் ஏற்றிவிட அப்பா போனார். என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் போகவில்லை. அப்பா இருட்டும் நேரம்தான் திரும்பினார். “பஸ் லேட்டு” என்றார். இவ்வளவு லேட்டா?

செப்டம்பர் 20, சனி

அக்கா என் அறைக் கதவில் தட்டினாள். இதற்கு முன் தட்டியதே கிடையாது. நேரே உள்ளே வருகிறவள்.

“கம் யாரு வாங்குனது?”

“இலக்கிய வட்டாரத்துல பேரு வெளியிட மாட்டோம்.”

சிரிக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே நின்றாள். “மன்னிச்சுரு தம்பி. அவார்டு வேணும்னு இருந்துச்சு. உன் பக்கத்த எடுத்துட்டா அது நல்ல நாவல் இல்லைன்னு எனக்கே தெரியும். அதான் கேக்கல.”

சொல்ல என்ன இருக்கிறது? அவள் சொன்னது உண்மை. உண்மையாக இருந்தால் வலி குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை.

செப்டம்பர் 24, புதன்

முதல் பதிப்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு அடிக்கப் போகிறார்கள். தங்கராஜு ஐயா போனில்: “அந்த ஒட்டும் உத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அச்சகத்தில் முடியாது என்கிறார்கள். முதல் பதிப்பை எங்கே ஒட்டினீர்கள்?”

அக்கா ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பார்த்தாள். அவளைக் காட்டிக்கொடுக்கலாம், என்னைக் காட்டிக்கொடுக்கலாம். “ஆள் கெடைக்கிறது கஷ்டம் ஐயா, கைத்தொழில்” என்றேன்.

வைத்ததும் அவள் கேட்டாள். “ரெண்டாம் பதிப்புல அந்தப் பக்கத்த எடுத்துடவா? நீ சொன்னா எடுத்துடுறேன். நெஜமா.”

இந்தத் தடவை கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 1, புதன்

அம்மா கூப்பிட்டார். ஞாயிறு இல்லை. வீடியோவும் இல்லை. என் போனுக்கு.

நான் ஆரம்பித்தேன்: “தங்கா பத்து வாழ் பொதுமக்களுக்கு—”

“ஜோக்கு வேணாம்பா. இன்னிக்கு நான் சொல்றேன். கேக்குறியா?”

கேட்டேன்.

“போன தீபாவளிக்கு லீவு குடுக்கலைன்னு அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்ல, அது பொய்யி. லீவு இருந்துச்சு. லார்கின் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்து டிக்கெட் வரிசையில நின்னேன். வீட்டுக்கு வந்தா திரும்பி போவ மனசு வராது. போவலைன்னா உங்கப்பாவும் நானும் மறுபடி சண்டதான் புடிப்போம். அப்படியே திரும்பி ரூமுக்கு போயிட்டேன். நீ நின்னுக்கிட்டு இருப்பன்னு எனக்குத் தெரியாது சாமி.”

கோபம் வந்தது. பெரிய கோபம். அக்கா மேல் வந்ததைவிடப் பெரியது. இத்தனை நாள் எங்கே இருந்தது இது? “நான் அஞ்சு பஸ் பாத்தேன்” என்றேன். “அஞ்சும் நின்னு, எல்லாரும் எறங்கி, டிரைவரும் எறங்கி போற வரைக்கும் பாத்தேன்.” அழுதுவிட்டேன். புகை கிகை என்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போனை ரொம்ப நேரம் வைக்காமல் இருந்தோம்.

பிறகு சொன்னார்: “இந்தத் தீபாவளிக்கு வர்றேன்னு சொல்ல மாட்டேன். பஸ்ஸுல ஏறி உக்காந்தப்புறம் கூப்புடுறேன்.”

அக்காவிடம் சொல்லிவிட்டேன், பக்கம் இருக்கட்டும் என்று. ஆனால் டத்தோ சரஸ்வதி வேண்டாம், டான்ஸ்ரீ ஆக்கு என்றேன். பதவி உயர்வு.

இனி ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. செப்டம்பர் 7-ஆம் தேதி, ஒன்றே ஒன்றுகூட விடாமல் ஒட்டினேன் என்று பெருமை அடித்திருக்கிறேன். பிறகு கம் காய்ந்தது, தொழிற்சாலை என்று வேறு எழுதியிருக்கிறேன். கம் காயவில்லை. விமலன் கை கழுவப் போன நேரம் பார்த்து ஒரு பிரதியை ஒட்டாமல் எடுத்துப் பள்ளிப் பைக்குள் வைத்தேன். மண்டபத்தில் அம்மாவுக்குக் கொடுத்தது அதுதான். மேசையில் அத்தனை அடுக்கி இருக்க, குனிந்து பையிலிருந்து எடுத்தேன்.

அம்மா படிக்கக் கூடாது என்று ஊரையே ஒட்டியவன் நான். சே. எழுதும்போதே காது சுடுகிறது.

அக்காவுக்கு இது தெரியாது. தினமும் மன்னிப்புக் கேட்கிறாள், நான் கேட்காமலே மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வருகிறாள். சொல்லிவிடத்தான் வேண்டும். தீபாவளி வரைக்கும் வாங்கி வரட்டும் என்று பார்க்கிறேன்.